உதறலா, நடுக்கமா, இழுப்பா?

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுச் செவலை சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தான். செவலை நாட்டு நாய். நிறத்தை வைத்தே பேர். நான்கு வருஷத்துக்கு முன்னால் மகள் ஸ்கூல் பையில் போட்டுத் தூக்கிவந்த தெருக்குட்டி. மழை என்றாலே அவனுக்கு ஆகாது, அதனால் குளிர்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். அம்மா தன் பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போர்த்தினாள். அதற்கு மேல் நான் ஒரு கம்பளி. நடுக்கம் நிற்கவில்லை. கை வைத்துப் பார்த்தேன். சிக்னலில் நிற்கிற ஷேர் ஆட்டோவின் சீட்டு அதிருமே, அப்படி ஒரு சன்னமான அதிர்வு உடம்பு முழுக்க.

அப்பா அலமாரியிலிருந்து தன் காய்ச்சல் மாத்திரையை எடுத்துவந்தார். "பாதியா ஒடச்சு தயிர்ச் சோத்துக்குள்ள வச்சுக் குடுடா. காலைல சரியாயிரும்." நானும் ஒடித்துவிட்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோனவனுக்கு ஏதோ உறுத்தல். வழக்கமாக அவனுக்குத் தடுப்பூசி போடும் டாக்டரம்மாவுக்கு, ராத்திரி பத்தரை ஆகிவிட்டதே என்று கூசிக்கொண்டே போன் அடித்தேன்.

"டாக்டரம்மா, செவலை நடுங்கிக்கிட்டே இருக்கான். பாரசிட்டமால் பாதி குடுக்கலாமா?"

"குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா, ஒடச்சு கையில வச்சிருக்கேன்."

"அத அப்படியே குப்பையில போடுங்க தம்பி. நாய்க்கு அது ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தைக் கெடுக்கும். பூனைக்குன்னா ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. இப்பச் சொல்லுங்க, எப்படி நடுங்குறான்?"

எப்படி என்றால் என்ன சொல்ல? நடுங்குகிறான், அவ்வளவுதான். அந்தம்மா விடவில்லை. உதறுறானா, நடுங்குறானா, வெட்டி வெட்டி இழுக்குதா? நிக்கிறப்பவா, படுத்திருக்கிறப்பவா? கண் அசந்தா நிக்குதா? பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா? கடைசியா என்ன தின்னான், எப்பத் தின்னான்? ஐந்து கேள்வியில் இரண்டுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. நான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், மூன்று கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நம் பேச்சில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஈரத்தை உதறுவது, பயத்தில் வெடவெடப்பது, குளிரில் வெடுவெடுப்பது, சதை துடிப்பது, வலிப்பில் வெட்டி இழுப்பது. மனுஷனுக்கு என்றால் சரியான சொல் தானாக வந்துவிடும். நாய்க்கு வந்தால் மட்டும் எல்லாவற்றையும் 'ஷிவரிங்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். கட்டிவிட்டு அதன் மேல் போர்வையையும் போர்த்துகிறோம்.

சரி, செவலை கதைக்கு வருகிறேன். டாக்டரம்மா முதலில் போர்வையை எடுக்கச் சொன்னார். பிறகு சூடு பார்க்கச் சொன்னார். மூக்கு ஈரமாக இருக்கிறதே என்று நான் சமாதானம் சொன்னதற்குச் சிரித்தார். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் நல்ல ஆரோக்கியம் என்பதெல்லாம் சும்மா. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் வழி. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, மகள் அவன் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் பார்த்தேன். 104.4. நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சாதாரணம். நம் கணக்கில் அதுவே காய்ச்சல் என்பதால்தான் நாயைத் தொடும்போதெல்லாம் நமக்குச் சூடாகத் தெரிகிறது. கையை வைத்துச் சொல்லும் தீர்ப்பு எதற்கும் உதவாது.

காய்ச்சலில் ஏன் நடுங்குகிறது என்றால், நமக்கு நடக்கும் அதே காரியம்தான். கிருமியோடு மல்லுக்கட்ட மூளை உடம்புச் சூட்டை ஏற்றச் சொல்கிறது. தசைகள் படபடவென்று அதிர்ந்து அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. நாங்கள் புடவையும் கம்பளியும் போட்டு அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தோம்.

"இப்ப டார்ச் அடிச்சு விரல் இடுக்கப் பாருங்க. காது மடலுக்கு உள்பக்கம், கழுத்துப் பட்டைக்குக் கீழ."

முன்னங்கால் விரல் இடுக்கில் இருந்தது. ஆமணக்குக் கொட்டை அளவுக்கு, அதே பளபளப்பில், ரத்தம் குடித்து உப்பிய உண்ணி. பக்கத்திலேயே மிளகுக்கும் சிறிதாக இன்னும் மூன்று. (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் 'ரிசினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றுதான் பொருள். விதையைப் பார்த்துப் பேர் வைத்தவர் என்னைப் போலவே ஒரு ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்திருப்பார் போல.)

மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற நுண்ணுயிரி, உண்ணி கடிக்கும்போது உள்ளே போய் ரத்த வெள்ளை அணுக்களில் குடியேறுகிறது. தட்டணுக்கள் குறைகின்றன. முற்றினால் மூக்கில் ரத்தம் வரும், ஈறு வெளுத்துப்போகும். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். மூன்றாம் நாளே வாலை ஆட்டினான் என்பதற்காக நான் மாத்திரையை நிறுத்தியிருப்பேன், டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "28 நாளும் குடுக்கணும் தம்பி, சாப்பாட்டோட குடுங்க, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுப்பான்" என்றார். உண்ணியை நகத்தால் நசுக்கக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது, புருவம் திருத்தும் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தை அளவில்லாமல் நாய் மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. நாய் அதை நக்கி, எச்சில் வழிய வழிய உடம்பு துடிக்க ஆரம்பிக்கும். உண்ணியை எடுக்கப்போய் வேறொரு நடுக்கத்தை விலைகொடுத்து வாங்கிய கதை.

அதற்குப் பிறகு நாய் ஆடினால் என்ன ஆட்டம் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. தெருவில் போகிற நாயைக்கூட விடுவதில்லை.

முதலில் கவலையே வேண்டாத ஆட்டம். நனைந்த நாய் மூக்கில் தொடங்கி வால் நுனி வரை சுழற்றி உதறுகிறதே, அது. 2012-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் எலியிலிருந்து கரடி வரை பல விலங்குகளை நனைத்து, அவை உதறுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். உடம்பு சின்னதாக இருக்க இருக்க வேகம் கூடுகிறது. சுண்டெலி நொடிக்கு முப்பது தடவை வரை ஆடுகிறது, பெரிய நாய்க்கு நாலைந்து போதும். ஈரம் இல்லாமலும் நாய் உதறும். ஊசி போட்டு மேசையிலிருந்து இறக்கிவிட்டதும் செவலை ஒரு உதறு உதறுவான் பாருங்கள், 'ஒழிஞ்சது சனியன்' என்கிற மாதிரி. இறுக்கம் விலகுகிறது என்று அர்த்தம். ஆனால் தலையை மட்டும் ஓயாமல் உதறினால் சமாச்சாரம் காதில். உள்ளே புண்ணோ, சீழோ, பூச்சியோ இருக்கும். கவனிக்காமல் விட்டால் உதறி உதறியே காது மடலுக்குள் ரத்தம் கட்டி அது பணியாரம் மாதிரி உப்பிவிடும்.

தூக்கத்தில் காலை உதைப்பதும் மீசை துடிப்பதும் பெரும்பாலும் கனவு. தொட்டு உலுக்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். விழித்து, அசடு வழியப் பார்த்தால் கனவுதான்.

குளிரும் நிஜமான காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்டிய வயிறும் மெல்லிய ரோமமும் உள்ள நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. மார்கழியில் சிமெண்டுத் தரையில் படுத்தால் நடுங்கத்தான் செய்யும். இரண்டு சாக்கு போட்டால் அரைமணி நேரத்தில் நடுக்கம் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் குளிர் என்ற விடை தப்பு. கிழட்டு நாய் நிற்கும்போது மட்டும் பின்னங்கால் நடுங்கினால் அது சதை வற்றியதாலும் மூட்டு வலியாலும். வழுவழுப்பான டைல்ஸில் அது நடப்பதைப் பார்த்தால், எண்ணெய் கொட்டிய தரையில் நாம் நடப்பது மாதிரி இருக்கும். நடக்கும் தடத்தில் கயிற்று மிதியடி போட்டுவிடுங்கள். வலிக்கு மருந்து கேளுங்கள், ஆனால் நம்முடைய வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறவை.

எதிர் வீட்டு மதினியின் பொமரேனியனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நாலரைக் கிலோ எடை, ஐந்து குட்டி போட்டிருந்தது. பதினெட்டாம் நாள் சாயங்காலம் மதினி பதறிக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, பட்டு ஒரு மாதிரியா இருக்கா. குட்டிகளப் பாக்கவே மாட்டேங்குறா."

போய்ப் பார்த்தேன். பட்டு கால்களை மரக்கட்டை மாதிரி விறைப்பாக வைத்து நடந்தாள். நாக்கு தொங்க மூச்சிரைப்பு. முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நடுக்கம். பயத்தில் வருகிற நடுக்கம் இல்லை. தோலுக்கு அடியில் சதை தனியாக, வெந்நீர் கொதிப்பது மாதிரித் துள்ளியது. மதினியின் மாமியார் பேய்க்காற்று பட்டிருக்கும் என்று வேப்பிலை எடுக்கப் போனார். நான் முப்பது நொடி வீடியோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்: "குட்டிகளப் பிரிச்சு வச்சுட்டுத் தாயை உடனே தூக்கிட்டு வாங்க. எங்கயும் நிக்காதீங்க."

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது. கால்சியம் எல்லாம் பாலாகப் போய்விடுகிறது. சின்ன உடம்பும் நிறையக் குட்டியும் சேர்ந்தால் முதல் நான்கு வாரத்தில் இது வரலாம், விட்டால் வலிப்பாகி உயிர் போகும். கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் ஏற்றினார். ஒரு கையில் சிரிஞ்சு, இன்னொரு கை ஸ்டெதஸ்கோப்பைப் பட்டுவின் நெஞ்சில் வைத்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார், நடுவில் நிறுத்திக் காது கொடுக்கிறார், மறுபடியும் ஏற்றுகிறார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். சிரிஞ்சு காலியாவதற்குள் துள்ளல் தளர்ந்து, விறைத்த கால்கள் மடங்கி, பட்டு தலையைத் தூக்கி மதினியைத் தேடினாள். அத்தனை சட்டென்று ஒரு நோய் பின்வாங்கியதை நான் மனுஷ ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. மதினி சினை நாளெல்லாம் கால்சியம் டானிக் கொடுத்து வந்திருக்கிறார். "அதுதான் தப்பு" என்றார் டாக்டரம்மா. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துத் தரும் உடம்பின் ஏற்பாடு சோம்பிப்போகிறது. பால் சுரக்கத் தொடங்கித் தேவை திடீரென்று ஏறும்போது அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. டானிக் கொடுக்க வேண்டியது டாக்டர் சொன்னால், சொன்ன நேரத்தில்.

வீடியோ எடுக்கச் சொல்வது பொழுதுபோக்குக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பாதி நாய்க்கு ஆட்டம் நின்றுவிடும். மீதிப் பாதி பயத்தில் புதிதாக ஆட ஆரம்பிக்கும். வீட்டில் நடந்ததைக் காட்ட அந்த முப்பது நொடிதான் சாட்சி.

இழுப்பு வேறு ரகம். நடுங்கும் நாய்க்கு நினைவு இருக்கும், கூப்பிட்டால் கண் உங்களைத் தேடும். வலிப்பில் பெரும்பாலும் நினைவு போய்விடும். சாய்ந்து விழுந்து, கால் சைக்கிள் மிதிக்கும், வாயில் நுரை தள்ளும், மூத்திரம் போகும். எங்கள் தெருவில் ஒரு லாப்ரடாருக்கு வந்தபோது, கூடிய கூட்டத்தில் ஒருவர் இரும்புச் சாவிக்கொத்தை எடுத்து அதன் முன்னங்காலுக்குள் திணிக்கப் பார்த்தார். மனுஷனுக்கே சாவியால் வலிப்பு நிற்பதில்லை, பாவம் அந்த நாய் எந்தக் கையால் பிடிக்கும்? வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடாதீர்கள், நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும். மேசை நாற்காலியை நகர்த்துங்கள், விளக்கையும் டிவியையும் அணையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ வண்டியை எடுங்கள்.

கால் ஒன்றோ நெற்றிப்பொட்டோ கடிகாரம் மாதிரி விடாமல் துடித்து, தூங்கும்போதும் அந்தத் துடிப்பு நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் டிஸ்டெம்பர். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வருவது. இதைப் பற்றி நிறைய எழுத மனசு வரவில்லை. செவலையோடு அன்றைக்குத் தெருவில் கிடந்த இன்னொரு குட்டி இப்படித்தான் போனது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. அதைப் போட்டுவிடுங்கள். தெருநாய் தள்ளாடி, எச்சில் வழிய, குரல் கம்மிப்போய் நடுங்கினால் இரக்கப்பட்டுத் தொடவும் வேண்டாம், வெறிநோயாக இருக்கலாம். கடித்தோ பிராண்டியோ விட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

விஷம் என்றால் நேரம்தான் எல்லாம். பூச்சிமருந்து, எலி மருந்து, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் வரும் சைலிட்டால், பூசணம் பிடித்த பழைய சாப்பாடு, மழைக்காலத்தில் வாயில் கவ்விய தேரை. எதுவாக இருந்தாலும் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே விஷமாகும். தின்றதன் அட்டையையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனிப் பயம். தீபாவளி வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். தமிழ்நாட்டில் 2018-லிருந்து பட்டாசு வெடிக்கக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அந்த அரசாணை இன்னும் வந்து சேரவில்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடுகிறது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். போதாததற்கு அதற்குத் தீபாவளி என்றால் என்னவென்றும் தெரியாது.

பயந்து நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்தது மாதிரி ஆகிவிடும், கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு பழைய உபதேசம் உண்டு. நானும் இரண்டு தீபாவளி அப்படி இருந்தேன். செவலை பாத்ரூம் பக்கெட்டுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் சட்டம் பேசிக்கொண்டு டிவி பார்த்தேன். மடத்தனம். பயம் கூலி வாங்கிக்கொண்டு வருகிற வேலை இல்லை. நாயே தேடி வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும். பக்கெட்டுக்குப் பின்னால் போனால் இழுத்துவந்து கொஞ்சாமல் அங்கேயே ஒரு சாக்கை விரித்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. வெடி முதலில், கோழி பின்னால். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானி ரீமர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் கேட்கும்போதெல்லாம் தின்னவோ விளையாடவோ கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பலன் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாய் தின்னும் நிலையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஏற்கெனவே கண் பிதுங்கி நிற்பவனிடம் கோழியை நீட்டிப் பயனில்லை. சரவெடிக்குக் காத்திராமல் ஐப்பசி பிறந்ததுமே தூரத்து வெடிகளில் தொடங்கிவிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி ஊட்டுவது கூடவே கூடாது. அசிப்ரோமசின் மாதிரி சில மருந்துகள் உடம்பை மட்டும் அசையவிடாமல் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பார்க்க நமக்கு நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். பயத்தையே தணிக்கிற மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் பத்து நாள் முன்னாலேயே போய்க் கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில் போய் நின்றால் அவர்தான் என்ன செய்வார்?

செவலைக்கு இந்த வருஷம் படியடி அறையைக் காலி செய்தாயிற்று. ஜன்னலுக்கு அம்மாவின் அதே நூல் புடவை. கழுத்துப் பட்டையில் என் போன் நம்பர், ஏனென்றால் பயந்து ஓடிய நாய் நாலு தெரு தாண்டித்தான் நிற்கும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆள் இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே இருக்கிறது. பக்கத்திலேயே அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி: 'மாத்திரை கொடுக்கக் கூடாது.'